முட்டைத் தட்டுக்கு ஒரு பக்கம்

பல்கலைக்கழகத்துக்கு விருது கிடைத்திருக்கிறதாம். குப்பையைக் குறைத்ததற்கு. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கவிதா போன மாதம் போன் செய்து சொன்னாள்.

"அக்கா, சப்ளையர், கான்ட்ராக்டர் எல்லாரையும் இந்தப் பாலிசிக்குள்ள கொண்டாந்த கதைய விருதுப் புத்தகத்துக்கு நீங்கதான் எழுதணும். உங்க டேபிள்தான லா அது. ரெண்டு பக்கம் போதும். கொஞ்சம் பாசிட்டிவ்வா எழுதிக் குடுங்க."

பாசிட்டிவ்வாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக மூன்று நாள் போயிற்று. நாலாவது நாள், நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். கவிதா இதைப் போடுவாளோ மாட்டாளோ, அது அவள் பாடு. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. எழுதினால் இதையும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிடுவார்கள்.

முப்பத்தொரு வருடம் அங்கே ஸ்டோரில் இருந்தேன். கிராணியாக, குமாஸ்தா வேலைக்குப் போய்ச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்தது ஒரு நீல அட்டைப் பதிவேடு. சமையல் கேஸ் உருளை, குடிதண்ணீர்ப் பெரிய போத்தல் என்று பொருளோடு உள்ளே வந்து, காலியாகித் திரும்பிப் போகிறவற்றை எழுதும் புத்தகம். எத்தனை வந்தது, எத்தனை போனது, கொண்டுவந்தவர் கையெழுத்து. அவ்வளவுதான். மற்ற வேலைகளையெல்லாம் அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். கிராணியாகப் போனவள் துணை அதிகாரியாக வெளியே வந்தேன். நடுவில் இருந்ததெல்லாம் ஃபைல்.

என் கடைசி ஐந்து வருடத்தில்தான் டாக்டர் சிவநேசன் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு நிலைத்தன்மை அலுவலகம் திறந்து, அதற்கு அவரை இயக்குநராகப் போட்டார்கள். நாங்கள் அதைப் பச்சை ஆபீஸ் என்போம். சுவர் பச்சை, நாற்காலி பச்சை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் செடி, அதுவும் பச்சை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கத்தமாட்டார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கீழேயிருந்து மேலே படிப்பார், முதலில் யார் கையெழுத்து என்று பார்ப்பதற்காக. பிடிக்காத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி மட்டும்தான். ஏன், எதற்கு என்று ஒரு எழுத்து இருக்காது. அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று நாம் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். மாற்றிக் கொண்டுபோனால் புள்ளியை அழித்துவிடுவார். ஐந்து வருடத்தில் அவர் கைப்பட எழுதிய ஒரு வாக்கியத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நாளைக்கு எந்த விசாரணை வந்தாலும் அந்த மனிதர் எதையுமே சொல்லியிருக்கமாட்டார். அப்படி ஒரு சாமர்த்தியம்.

இன்னொன்று, "நல்ல பாயிண்ட்." நாம் சொன்ன ஒன்றைக் குப்பையில் போடப் போகிறார் என்றால் அதைத்தான் சொல்வார். "நல்ல பாயிண்ட், மிசஸ் தனம்" என்று அவர் சொன்னதும் நான் ஃபைலை மூடி எழுந்துவிடுவேன்.

மூளை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். வந்த முதல் வருடம் வளாகம் முழுக்க மூன்று நிறத் தொட்டி வைத்தார்கள், மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். குப்பைக் கூடத்துத் தராசு அசையவில்லை. மாணவர்கள் போடும் குப்பை கொஞ்சம், லோரியில் வரும் குப்பைதான் அதிகம் என்று கண்டுபிடித்தது அவர்தான். அட்டைப்பெட்டி, சுற்றிய பிளாஸ்டிக், நுரைப்பஞ்சு, பழக்கூடை. பொருளைக் கொடுத்துவிட்டு அதைச் சுற்றி வந்ததையெல்லாம் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே குப்பைக் குறைப்புக் கொள்கையை வெளியிலிருந்து பொருள் கொண்டுவருகிறவர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் நீட்டுவது, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதற்கும் மதிப்பெண் போடுவது என்று முடிவானது. நியாயமான முடிவுதான். நானும் கை தட்டினேன்.

மதிப்பெண் போட ஒரு படிவம் வேண்டும். யார் செய்வது? நான்தான். எக்செல்லில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டம் போட்டேன். என்ன பொருள், எந்த நாள், எத்தனை பெட்டி அல்லது உறை உள்ளே வந்தது, எத்தனை திரும்ப வெளியே போனது. ஸ்டோர்க்காரிக்கு வேறென்ன தெரியும்? வந்தது, போனது. அதைத்தான் போட்டேன்.

படிவம் திரும்பி வந்தது. "வெளியே போனது" என்ற கட்டத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி.

போய்க் கேட்டேன். "டாக்டர், இதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல மிசஸ் தனம். வெளிய போறத யாரு வெரிஃபை பண்ணுவா?"

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. எங்கள் வளாகத்துக்கு உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக வேறொரு வாயில். உள்ளே வரும் வாயிலில் காவலர்கள் இருப்பார்கள், லோரியைத் திறந்து பார்ப்பார்கள். வெளியே போகும் வாயிலில் தானாகத் தூக்கும் கம்பம் மட்டும்தான். எண்ண ஆள் கிடையாது.

"காவலுக்கு ஒரு ஜாகாவ அந்தப் பக்கமும் போட்டா?" என்றேன்.

"நல்ல பாயிண்ட்" என்றார்.

கட்டத்தை எடுத்துவிட்டேன். என் கையால்தான் அழித்தேன். உள்ளே வருவதை மட்டும் எண்ணும் படிவம் அப்படித்தான் பிறந்தது. ஒன்றுமே கொண்டுவராதவருக்குப் பத்து மதிப்பெண், ஐம்பதுக்கு மேல் போனால் பூஜ்யம்.

இப்போது நாதன் அண்ணன். கிள்ளானில் முட்டை வியாபாரம். எங்கள் மூன்று விடுதிச் சமையலறைகளுக்கும் இருபது வருடத்துக்கு மேல் அவர்தான் முட்டை போட்டார். அவர் வியாபாரத்தில் பாதிக்கு மேல் நாங்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரைக்குச் சின்ன லோரியில் வருவார். நீல நிறப் பிளாஸ்டிக் தட்டு, முப்பது குழி, ஒரு நாளைக்கு அறுபது தட்டு. இறக்கிவிட்டு, போன தடவை கொண்டுவந்த அறுபது காலித் தட்டை ஏற்றிக்கொண்டு போவார். கடையின் பின்கட்டில் அவர் மனைவி அவற்றைக் கழுவி வெயிலில் காய வைப்பார். உடைந்த தட்டை மட்டும்தான் மாற்றுவார். குப்பைக் குறைப்பு என்ற வார்த்தை எங்கள் காதில் விழுவதற்கு முன்பே அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், யாரும் படம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் என் படிவத்தை வாங்கிப் பார்த்து, எழுத்து கூட்டிப் படித்து, உள்ளே வந்த உறை என்ற இடத்தில் 60 என்று எழுதினார். காலித் தட்டைத் திரும்பக் கொண்டுபோவதை எழுத இடம் தேடினார்.

"தங்கச்சி, எடுத்துட்டுப் போறத எங்க எழுதறது?"

"அதுக்கு எடமில்லண்ணே. விடுங்க, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்த ஆபீஸில்.

அதே நேரம் நாலாவது விடுதிக்கு, புதிதாகக் கட்டியது, முட்டையும் காய்கறியும் போட ஒரு பெரிய நிறுவனம் வந்தது. அவர்கள் எழுதியது பூஜ்யம். படம் வேறு இணைத்திருந்தார்கள். பச்சைப் பெட்டி, எங்கள் பல்கலைக்கழகச் சின்னம் அச்சடித்தது, அதற்குள் வரிசையாக வெறும் முட்டை. அட்டை இல்லை, தட்டு இல்லை, உறை இல்லை. பச்சை ஆபீஸில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதே பெட்டிதான் இப்போது விருதுப் புத்தகத்தின் அட்டையிலும் இருக்கிறதாம். கவிதா சொன்னாள்.

நாலாவது விடுதிச் சமையல்காரி ராஜம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெட்டியின் அடியில் மஞ்சளாகக் குழம்பிக் கிடந்தது.

"பாரு தனம். நான் அடுப்பே பத்த வைக்கல, ஆம்லெட் ரெடியா வந்துருக்கு."

எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. தட்டில்லாமல் முட்டை பண்ணையிலிருந்து எப்படி நம் வாயில் வரைக்கும் வரும்? கோழி என்ன பச்சைப் பெட்டியிலா முட்டை போடுகிறது? மறு வாரம் ஒரு நாள் காலையில் பஸ்ஸைவிட்டு முன்னாலேயே இறங்கி நடந்தேன். எங்கள் வாயிலுக்கு ஒரு நிறுத்தம் முன்னால், மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. அந்த நிறுவனத்து லோரி அங்கே நின்றது. இரண்டு பேர் காகிதத் தட்டிலிருந்து முட்டையை எடுத்து எடுத்துப் பச்சைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காலித் தட்டுகள் அந்த அடுக்குமாடிக் குப்பைத் தொட்டியைச் சுற்றி மலைபோல் கிடந்தன. முந்தின மழையில் பாதி கூழாகி சாக்கடைக்குள் இறங்கியிருந்தது. முட்டை லோரி மட்டும் இல்லை. காகிதம் போடுகிறவர், சோப்பு போடுகிறவர், நாற்காலி கொண்டுவருகிறவர், எல்லாரும் அங்கேதான் பிரிக்கிறார்கள் என்று அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு ஆன்டி சொன்னார்.

"நீங்க அந்த யூனிவர்சிட்டில வேலையா? உங்க குப்பைய எங்க வீட்டு வாசல்ல போடச் சொன்னது யாரு?"

கட்டம் போட்டது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படம் பிடித்தேன். டாக்டர் எதற்கும் ஆதாரம் கேட்பார் அல்லவா, எட்டுப் படம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது எந்த இடம்?"

"கேட்டுக்கு ஒரு பஸ் ஸ்டாப் முன்னாடி."

"அப்போ நம்ம பவுண்டரிக்கு வெளிய."

"வெளியதான் டாக்டர். ஆனா நம்ம சாமான்."

"நம்ம பாலிசி கேம்பஸ் வேஸ்ட்டுக்கு மட்டுந்தான் மிசஸ் தனம். அது முனிசிபல் கவுன்சில் பாத்துக்கும்."

"முட்டைக்கார நாதன் உண்மைய எழுதறாரு, பூஜ்யம் மார்க் வாங்குறாரு. இவங்க ரோட்டுல கொட்டிட்டு வராங்க, ஃபுல் மார்க்."

பென்சிலைக் கையில் எடுத்தார். உண்மையிலேயே யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நல்ல பாயிண்ட்" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். சுவரில் இருந்த வரைபடத்தில் எங்கள் குப்பையின் எடை மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டு வந்தது. சரியாமல் என்ன செய்யும்?

ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வந்தது. மூன்று விடுதி முட்டைக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், போட்டிக்கு அந்தப் பெரிய நிறுவனம். விலை, தரம் எல்லாவற்றிலும் காகிதத்தில் இருவரும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் என் படிவத்தில் மட்டும்தான். கடைசிப் படிவம் கொடுக்க நாதன் அண்ணன் என் முகப்புக்கு வந்தார். அன்றும் செவ்வாய்க்கிழமை. கேஸ் கொண்டுவருகிறவன் நீலப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்ததும் இவர் முன்னால் வந்தார். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அண்ணே, இந்தத் தடவ கோசோங்னு போட்ருங்க, வெறும் பூஜ்யம்."

"எப்படிப் போடறது? தட்டுலதான கொண்டாறேன்."

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"நீங்க கேக்க மாட்டீங்களா?"

அவர் கோபப்படவில்லை. 60 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மதிப்பீட்டுத் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். தயாரித்தவர் நான். போடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது, வம்பு எதற்கு என்று போட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது, இருந்தது போல் ஜோடிக்கவும் மாட்டேன். டாக்டர் கீழேயிருந்து மேலே படித்தார். புள்ளி எதுவும் வைக்கவில்லை.

நாதன் அண்ணன் கையைவிட்டு ஒப்பந்தம் போயிற்று. ஆறு மாதத்தில் லோரியை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். டாக்டர் சிவநேசன் மேல் எனக்கு நல்ல வசதியான ஆத்திரம் இருந்தது. இரண்டு வருடம் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஆத்திரம் என் கடைசி வாரத்தில் போயிற்று. கவிதாவிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். சாவி, முத்திரை, ஃபைல். கடைசியாக நீலப் பதிவேடு. அவள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கேஸும் தண்ணி போத்தலும் மட்டுந்தான் இதுல எழுதறதாக்கா?"

"இல்ல. பொருளோட வந்து திரும்பிப் போற எந்தக் கலனும்..."

முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கும் விதி. வேலைக்குச் சேர்ந்த அன்று மனப்பாடம் செய்தது. அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு நின்றுவிட்டது. இந்தப் புத்தகத்தில் ஏறிய எதையும் குப்பைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. கேஸ் உருளையை உறை என்று எந்தக் காவலரும் எண்ணியதில்லை, எந்தப் படிவமும் கேட்டதில்லை. முட்டைத் தட்டுக்கு இதில் ஒரு பக்கம் திறந்திருந்தால் நாதன் அண்ணன் பொய் சொல்லாமலே பூஜ்யம் எழுதியிருப்பார். அதற்கு டாக்டரின் அனுமதி வேண்டாம், எந்தக் கூட்டமும் வேண்டாம். பதிவேடு என் பொறுப்பு. என் மேசை இழுப்பறையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நானோ அதை விட்டுவிட்டு எட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு பச்சை ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன்.

"என்னக்கா, அப்படியே நிக்கிறீங்க?" என்றாள் கவிதா. ஒன்றுமில்லை என்றேன்.

ஓய்வு பெற்ற அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். சந்தைக்குள் நாதன் அண்ணன் ஒரு சின்ன முகப்பு வைத்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. நீலத் தட்டுகள் அதே மாதிரி அடுக்கி இருந்தன, கொஞ்சம்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, உங்க தட்ட நான் கேஸ் எழுதற புக்குல ஏத்தியிருக்கலாம். ஏத்தியிருந்தா கான்ட்ராக்ட் போயிருக்காது. போன வாரந்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு."

அவர் ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குழியில் வைத்தார்.

"அந்த நீலப் புக்குதான?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கெழமயானா கேஸ்காரன் எனக்கு முன்னால நின்னு அதுலதான சைன் போடுவான். அவன் கேஸ் தோம்பு வருது, போவுது. என் தட்டும் வருது, போவுது. எனக்கும் ஒரு பக்கம் தெறப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே."

"நீங்கதான லா அந்தப் புக்குக்கு ஆளு. நான் முட்டக்காரன். தெரிஞ்சுதான் தெறக்கலன்னு நெனச்சேன். கோசோங் போடச் சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு முடிவே பண்ணிட்டேன்."

குரலில் சண்டை இல்லை. பக்கத்தில் வந்து நின்ற வாடிக்கையாளரிடம் எத்தனை வேண்டும் என்று கேட்ட அதே குரல். இரண்டு வருடம் அந்த மனிதர் என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். டாக்டர் சிவநேசனைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. அவரைப் பார்த்ததுகூட இல்லை. அவருக்குத் தெரிந்த பல்கலைக்கழகம் நான் மட்டும்தான்.

முப்பது முட்டை வாங்கினேன். தட்டோடு கட்டிக் கொடுத்தார்.

"தட்டத் திருப்பிக் கொண்டாந்துருங்க தங்கச்சி" என்றார்.

கவிதா, நீ கேட்ட இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது. பதிவேடு இப்போது உன்னிடம் இருக்கிறது, பின்னால் வெற்றுப் பக்கங்கள் நிறைய உண்டு. படத்துக்கு அந்தப் பச்சைப் பெட்டியைப் போட்டால் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும் மதிப்பீட்டுத் தாளையும் போடு.

தட்டை நான் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். நாதன் அண்ணன் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், நன்றி சொன்னார். பிறகு கழுவ வேண்டிய தட்டுகளோடு சேர்த்து வைத்தார்.